கத்திக்கும் மலக்குக்கும் இடையே 40 நாள்

நாள் 1: தெஹ்ரான்

விடியற்காலை நாலரைக்கு விமானம் இறங்கியது. முக்காடு போடுவது எனக்குப் பழக்கம்தான். பழகாதது இந்த ஊர்க் காசு. நோட்டில் ரியால் என்று அச்சடித்திருக்கிறது, கடைக்காரர் தொமான் கணக்கில் விலை சொல்கிறார். பத்து ரியால் ஒரு தொமான். நம் வங்கி அட்டை எதுவும் இங்கே செல்லாது, செலவுக்கெல்லாம் கையில் டாலரோடு வரவேண்டும். வரப்போகிறவர்களுக்கு இந்தத் தகவல் போதும். நான் வந்தது கம்பளம் பார்க்க.

அதிலும் படக் கம்பளம். பாரசீக மொழியில் ‘காலீ-யே தஸ்வீரி’ என்கிறார்கள். பூவும் கொடியும் ஓடவேண்டிய இடத்தில் ஆட்கள் நிற்பார்கள், கதை நடக்கும். நான் தேடி வந்திருப்பது நபிமார் கதைகளை நெய்த பழைய கம்பளங்கள். இபுறாகீம் நபி அல்லாஹ்வின் கட்டளைக்காக மகனை அறுக்கத் துணிந்தது, யூசுப் நபியை அண்ணன்மார் கிணற்றில் இறக்கியது, சுலைமான் நபியின் தர்பார், மூசா நபியின் கைத்தடி, மர்யம் மடியில் ஈசா நபி.

எனக்குச் சொந்த ஊர் பத்தமடை. உம்மும்மா, உம்மாவைப் பெற்றவர், கோரைப்பாய் நெய்தவர். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின ராத்திரி, மருதாணி வைத்த கையோடு பிள்ளைகளையெல்லாம் உட்கார வைத்து இபுறாகீம் நபி கதையைச் சொல்வார். “வாப்பா, என் கையையும் காலையும் கட்டிப் போடுங்க, துடிச்சிருவேன்” என்று பிள்ளை சொல்கிற இடத்தில் அவர் குரல் இறங்கிப்போகும். நாங்கள் மூச்சுவிட மாட்டோம். ஆனால் எங்கள் வீட்டில் நபிமார் படம் என்று ஒன்று இருந்ததே இல்லை. இருக்கக் கூடாது என்பதும் எங்களுக்குச் சொல்லாமலே தெரியும். எங்களுக்குக் கதை என்றால் காதால் கேட்பதுதான்.

சில வருடங்களுக்கு முன்னால் பழைய கம்பளங்களின் படத்தொகுப்பு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தில் கத்தி பிடித்த பெரியவர், மண்டியிட்ட பையன், மேலே கடாவைச் சுமந்தபடி பறந்து வரும் மலக்கு, அதாவது வானவர். இபுறாகீம் நபிக்கு முகம் இருந்தது. பக்கத்தை உடனே மூடிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தேன். இந்தப் பயணம் அன்றைக்கே தொடங்கிவிட்டது.

மதியம் லாலே பூங்காவை ஒட்டியிருக்கும் ஈரான் கம்பள அருங்காட்சியகத்துக்குப் போனேன். 1978-இல் திறந்தது, அப்துல் அஜீஸ் ஃபர்மான்ஃபர்மாயன் வடிவமைத்த கட்டடம். வெளிச்சுவருக்கு முன்னால் நெட்டுக்குத்தாகச் சட்டங்களை நிறுத்தி, தறியில் பாவு என்கிற நெட்டு நூல்களைக் கட்டியது போலச் செய்திருக்கிறார்கள். வெயில் நகர நகர அந்தச் சட்டங்களின் நிழலும் சுவரில் நகர்கிறது. நெய்கிற வீட்டில் பிறந்தவளுக்கு அதைப் பார்த்ததும் உள்ளே போகும் முன்னமே மனசு நிறைந்துவிட்டது.

உள்ளே பல நூற்றாண்டுக் கம்பளங்கள். படக் கம்பளங்கள் முன்னால் வந்ததும் கால் நின்றுவிட்டது. மன்னர்கள், தர்வேஷ்கள், காவிய வீரர்கள். இவை பெருகியது கஜார் மன்னர்கள் ஆண்ட 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும். காரணம் கல்லச்சு, கல்லில் எழுதியும் வரைந்தும் அச்சடிக்கிற முறை. 1843-இல் தப்ரீஸில் படம் போட்ட முதல் கல்லச்சுப் புத்தகம் வந்தது. அதுவரை அரண்மனைச் சுவடிக்குள் கிடந்த ஓவியம் கடைத்தெருவுக்கு இறங்கியது. நபிமார் கதைகளும் படத்தோடு அச்சாகி மலிவாகக் கிடைத்தன. கூடவே புகைப்படமும் வந்தது. 1848 முதல் 1896 வரை ஆண்ட நாசிருத்தீன் ஷாவே படமெடுப்பதில் பைத்தியமாக இருந்தவர். அச்சுப்படத்தைக் கட்டம் போட்ட தாளுக்கு மாற்றிவிட்டால் ஒரு கட்டத்துக்கு ஒரு முடிச்சு. ஓவியம் வரையத் தெரியாத கை அந்தக் கட்டங்களை எண்ணி எண்ணி ஓர் ஆளை எழுப்பிவிடும்.

நபிகள் நாயகத்தைக் காட்ட நேர்ந்தால் பெரும்பாலும் முகத்துக்குத் திரையிட்டுவிடுவார்கள். மற்ற நபிமாருக்கு முகம் உண்டு, தலையைச் சுற்றி ஒளியும் உண்டு. நான் இன்னும் பழகவில்லை. தூரத்திலிருந்து பார்த்தேன். கயிறு கட்டியிருந்ததால் தூரத்திலிருந்துதான் பார்க்க முடியும் என்பதில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

நாள் 2: தெஹ்ரான், பிறகு ரயில்

பெரிய பஜாரில் காலை முழுக்க. ஒரு கடையில் இபுறாகீம் நபி கம்பளம் இருக்கிறது என்று உள்ளே கூட்டிப்போனார்கள். 130 வருடப் பழசாம். பழுப்பேறி, ஓரம் தேய்ந்து, பார்க்க அப்படித்தான் இருந்தது. குனிந்து இரண்டு கட்டைவிரலாலும் மயிரைப் பிளந்து அடி வரைக்கும் பார்த்தேன். நுனி தேநீர் நிறம். அதற்குக் கீழே கோடு கிழித்த மாதிரி பளிச்சென்ற ஆரஞ்சு. காலம் வெளுக்க வைத்த கம்பளத்தில் நிறம் நுனியிலிருந்து வேர் வரை மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போகும். இப்படி நடுவில் கோடு விழாது. பின்பக்கம் திருப்பினேன், முடிச்சுகளுக்கு நடுவே தெரிந்த பருத்திப் பாவு புதுத்துணி வெள்ளை. புதுக் கம்பளத்தைக் கழுவி, சாயத்தில் முக்கி, ஓரத்தைச் சுரண்டிக் கிழடாக்கியிருக்கிறார்கள்.

கோபம்தான் வந்தது. புதுக் கம்பளத்தைப் புதுசு என்று விற்றால் அதில் என்ன குறை? நெய்த பெண் உழைத்துத்தானே நெய்திருக்கிறாள்? அவள் உழைப்பின் மேல் அழுக்கை ஏற்றினால்தான் விலை என்பது அவளுக்குச் செய்யும் அவமதிப்பு. நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

பக்கத்துச் சந்தில் இன்னொருவர், காசு பேசாமல் தேநீர் கொடுத்து ஒரு கம்பளத்தைக் காட்டினார். கர்பலா. யூப்ரடீஸ் கரையில் வெள்ளைக் குதிரை மேல் அப்பாஸ், இமாம் ஹுசைனின் தம்பி, தோளில் தோல்பை. கூடாரத்தில் தாகத்தோடு இருக்கும் பிள்ளைகளுக்குத் தண்ணீர் மொள்ளப் போனவர். கி.பி. 680-இல் நடந்தது, நேற்று நடந்த மாதிரி அவர் சொல்லிக்கொண்டே போனார். ஒரு கம்பத்தின் உச்சியில் விரித்த உள்ளங்கை. தஞ்சாவூர்ப் பக்கம் அல்லா சாமி பண்டிகையில் இந்துக்களும் சேர்ந்து தூக்கிவரும் அதே ஐந்து விரல். அதை அவரிடம் சொன்னேன். நம்பமுடியாமல் இரண்டு தடவை கேட்டார். பிறகு இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றினார்.

சாயங்காலம் கெர்மான் ரயில். பெட்டியில் என்னோடு மூன்று பெண்கள், மாதுளை உரித்துப் பங்குவைத்தார்கள்.

நாள் 3: கெர்மான்

காலையில் கண் விழித்தால் ஜன்னலுக்கு வெளியே மலையும் மண்ணும் மட்டும். கெர்மான் உயரத்தில் இருக்கும் ஊர், வெயில் அடித்தாலும் நிழலில் குளிர்கிறது.

இந்த ஊர் முதலில் சால்வைக்குப் பேர்போனது. சால்வை வியாபாரம் சரிந்தபோது, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், நெசவாளர்களும் வரைகலைஞர்களும் கம்பளத்துக்கு மாறினார்கள். சால்வைக்குப் படம் போட்ட கை என்பதால்தானோ என்னவோ கெர்மான் கம்பளத்தில் கோடு அத்தனை மெல்லிசு. வடக்கே இருக்கும் ராவர் என்ற சிற்றூரின் பெயரில்தான் மிக நுட்பமான பழைய கம்பளங்கள் விலைபோகின்றன.

கஞ்ச் அலி கான் சதுக்கத்தைச் சுற்றிவிட்டு, ஒரு பழைய வியாபாரியின் வீட்டுக்குப் போனேன். விடுதிக்காரர் சொல்லிவிட்டிருந்தார். விற்பனைக்கு இல்லாத கம்பளங்கள் மூன்றைச் சுவரில் மாட்டியிருந்தார். இது நான் கேட்க நினைத்த கேள்வி: நபிமார் உருவத்தைக் காலால் மிதிப்பார்களா? அவர் நெஞ்சில் கைவைத்துப் பதறிவிட்டார். “கானும், இது தரைக்கு நெய்ததே இல்லை. சுவருக்கு.” ஆள் உயரத்தை ஒட்டிய சிறிய அளவில்தான் இவை அதிகம் நெய்யப்பட்டன. சுமார் இரண்டு மீட்டர் நீளமிருந்தால் ‘தோஸர்’ என்கிறார்கள், இரண்டு முழம் மாதிரி இரண்டு ‘ஸர்’.

நடுவில் இருந்தது சுலைமான் நபியின் தர்பார். இதன் முன்னால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், இன்னும் உட்கார்ந்திருப்பேன்.

சிம்மாசனத்தில் சுலைமான். பக்கத்தில் மந்திரி ஆசிஃப். எதிரே நாற்காலியில் சபா நாட்டு அரசி பல்கீஸ். கீழே வரிசையாகச் சிங்கம், மான், யானை, முயல், பாம்பு, ஒன்றை ஒன்று தின்னாமல். இடதுபுறம் ஜின்கள்: கொம்பு, புள்ளி போட்ட உடம்பு, குட்டைப் பாவாடை, காலில் தண்டை. பயமுறுத்தவேண்டிய அந்த ஜின்கள் பள்ளிக்கூட வரிசையில் நிற்கிற பிள்ளைகள் மாதிரி ஒழுங்காக நிற்கின்றன. நெய்தவர் எங்கேயும் பயத்தை நெய்யவில்லை. மேலே இரண்டு மலக்குகள்.

சுலைமான் கைக்கு அருகே ஒரு சின்னப் பறவை. ஹுத்ஹுத். குர்ஆனில் நம்ல் அத்தியாயத்தில் சபா நாட்டுச் செய்தியைக் கொண்டுவந்த பறவை. நாம் கொண்டலாத்தி என்கிறோம். பாரசீகப் பேச்சு வழக்கில் ‘ஷானே பெ சர்’, தலையில் சீப்பு வைத்தது. நமக்குக் கொண்டையாகத் தெரிந்தது இவர்களுக்குச் சீப்பாகத் தெரிந்திருக்கிறது. பறவையின் கொண்டையில் எத்தனை இறகு என்று எண்ணினேன். ஐந்து. ஒவ்வொரு இறகுக்கும் நான்கு முடிச்சு, நுனியில் ஒரு கறுப்பு முடிச்சு. அந்தப் பறவை மொத்தமும் என் கட்டைவிரல் அளவு. அரசனுக்கு முன்னால் அத்தனை பேர் நிற்கும் சபையில், செய்தி கொண்டுவந்த பறவைக்கு இந்தக் கவனம்!

சுலைமான் இந்த நாட்டில் ஆண்டவர் இல்லை. ஆனாலும் ஈரானியர் அவரைத் தங்கள் மண்ணிலேயே குடியேற்றிவிட்டார்கள். மேற்கு அஸர்பைஜான் பகுதியில் ‘தக்த்-எ சுலைமான்’ என்ற பழைய இடிபாடு இருக்கிறது. பசர்கதேயில் இருக்கும் மன்னர் சைரஸின் சமாதியை மக்கள் வெகுகாலம் சுலைமானின் தாயாருடைய சமாதி என்றே சொல்லிவந்தார்கள். யார் கட்டியதென்று தெரியாத பிரம்மாண்டத்தையெல்லாம் ஜின்களை ஏவிக் கட்டியவரின் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

நாள் 4: கெர்மான்

மறுபடி அதே வீடு. நேற்றுப் பார்க்காமல் விட்ட மற்ற இரண்டும் இன்றைக்கு.

ஒன்று யூசுப் நபி. சுலைகா விருந்து வைக்கிறாள், பெண்கள் கையில் பழமும் கத்தியும், யூசுப் உள்ளே வருகிறார், பெண்கள் பழத்தை விட்டுக் கையை அறுத்துக்கொள்கிறார்கள். குர்ஆன் ‘கதைகளிலேயே அழகான கதை’ என்று சொல்வது இதைத்தான். பெண்கள் எல்லோருக்கும் கஜார் காலத்துக் கூட்டுப் புருவம், ஒன்றோடொன்று சேர்ந்து மூக்குக்கு மேல் வில்லாக. எகிப்துக் கதை, கெர்மான் புருவம். ரத்தம் என்று ஒரே ஒரு சிவப்பு முடிச்சு, ஒருத்தியின் விரலில். மஞ்சிட்டி வேரின் சிவப்பா, பூச்சிச் சாயமா என்று கேட்டேன். “பூச்சி” என்றார்.

இன்னொன்று ‘மஷாஹீர்’, புகழ்பெற்றோர் கம்பளம். நபிமாரும் மன்னர்களும் அறிஞர்களும் ஒரே மண்டபத்தில் குழுப்படம் மாதிரி நிற்பார்கள். ஒவ்வொருவர் மேலும் எண் நெய்திருக்கும், கரையில் அந்த எண்ணுக்குரிய பெயர் இருக்கும். கெர்மானில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைப் பலமுறை நெய்திருக்கிறார்கள். பெருமைக்குரிய வேலை, சந்தேகமில்லை. ஆனால் எனக்கு மனசு ஒட்டவில்லை. அதில் ஆட்கள் இருக்கிறார்கள், கதை நடக்கவில்லை.

வியாபாரியின் வயதான அக்கா ஒருத்தர் தேநீரோடு வந்து உட்கார்ந்தார். சிறுமியாகத் தறியில் உட்கார்ந்தவர். தலைமை நெசவாளர் கட்டத்தாளைப் பார்த்து நிறத்தை ராகத்தில் கூவுவாராம்: நீலம் மூன்று, அடுத்தது வெள்ளை, சிவப்பு ஒன்று தாண்டு. தறியில் வரிசையாக இருக்கும் பிள்ளைகள் முடிச்சுப் போட்டுவிட்டு அதே ராகத்தில் ‘ஆச்சு’ என்று திருப்பிப் பாடுவார்கள். எனக்காக இரண்டு வரி பாடிக்காட்டினார். பாடும்போது அவருடைய வலதுகை விரல்கள் மடியில் தானாக முடிச்சுப் போட்டன. கம்பளத்தில் யார் வருகிறார் என்று தெரியுமா என்று கேட்டேன். “கால் வரும்போது தெரியாது. முட்டி வரும்போதும் தெரியாது. நாங்கள் பந்தயம் கட்டுவோம்” என்றார். அந்த வயதில் பிள்ளைகளைத் தறியில் கட்டிப்போட்டது கொடுமை. அவரும் அதைச் சொன்னார், விரலை நீட்டிக் காட்டினார், மூட்டுகள் நிமிரவில்லை. பாட்டு அழகாக இருந்தது என்பதற்காக நான் இதை எழுதாமல் விடமாட்டேன்.

நாள் 5: பேருந்து

கெர்மானிலிருந்து இஸ்ஃபஹான். பகல் முழுக்கப் பாலைவனம். தூங்கினேன்.

நாள் 6: இஸ்ஃபஹான், ஜுல்ஃபா

எல்லோரும் போகும் சதுக்கத்துக்குக் காலையில் போய்விட்டு, ஆற்றைத் தாண்டிப் புது ஜுல்ஃபாவுக்கு வந்தேன். முதலாம் ஷா அப்பாஸ் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்லைப்புற ஜுல்ஃபாவிலிருந்து ஆர்மீனியர்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து குடிவைத்த இடம். அவர்களுடைய வாங்க் பேராலயம் வெளியிலிருந்து மசூதி போல மொட்டைச் செங்கல். உள்ளே போனதும் தலை சுற்றியது. சுவர் முழுக்க விவிலியம். மேலே சொர்க்கம், நடுவே தீர்ப்பு, கீழே வாயைப் பிளந்த நரகம். ஐரோப்பியச் செதுக்குப் படங்களைப் பார்த்து வரைந்தவை, ஓரங்களில் பாரசீகப் பூவேலை.

கம்பளத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்றால், ஒரே நாட்டில் ஒரே கதைகளை இவர்களும் வைத்திருந்தார்கள், படத்தோடு வைத்திருந்தார்கள். காஷானில் யூதர்களும் வைத்திருந்தார்கள். பத்துக் கட்டளைப் பலகையோடு மூசா நிற்கும் காஷான் பட்டுக் கம்பளங்களில் எபிரேய எழுத்து இருக்கிறது. ஒரு தறி முஸ்லிம் வீட்டுக்கும் நெய்தது, யூத வீட்டுக்கும் நெய்தது.

பாளையங்கோட்டையில் படித்தபோது என் பெஞ்சுத் தோழி ஒருத்தி, ஆபிரகாம் பலியிடப் போனது ஈசாக்கை என்று அடித்துச் சொல்வாள். நான் இஸ்மாயில் நபி என்பேன். இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கிறோம். குர்ஆனில் சாஃப்ஃபாத் அத்தியாயத்தில் அந்த மகனின் பெயர் வருவதில்லை என்பதை ரொம்பப் பிந்தித்தான் நானே படித்துத் தெரிந்துகொண்டேன். கடாவிலும் வித்தியாசம் உண்டு. அவர்கள் கதையில் அது முட்புதரில் கொம்பு சிக்கி நிற்கும். எங்கள் கதையில் ஜிப்ரயீல் என்ற மலக்கு மேலிருந்து கொண்டுவருவார். கம்பளங்களில் மலக்கின் கையில் கடா இருப்பது இதனால்தான்.

நாள் 7: காஷான்

இன்றைக்குத்தான் தொட்டுப் பார்த்தேன்.

காஷான் பஜாருக்குள் அமீனுத் தவ்லா திம்சே என்று ஒரு மண்டபம், 19-ஆம் நூற்றாண்டில் கட்டியது. குவிமாடத்தில் விட்ட ஓட்டை வழியாக வெளிச்சம் தூணாக இறங்குகிறது. அங்கிருந்து சில அடி தள்ளி ஒரு ரஃபூக்காரர், கிழிந்த கம்பளத்துக்கு முடிச்சுப் போட்டு மூடுகிறவர். எனக்கு மொழிபெயர்க்க உடன் வந்த கல்லூரி மாணவி அவரை ‘உஸ்தா’ என்றே கூப்பிட்டாள், நானும் அப்படியே கூப்பிட்டேன். ஒரு குடும்பம் செப்பனிடக் கொடுத்த கம்பளத்தை அவர் மேசைமேல் விரித்தார்.

இபுறாகீம் நபி. அதே கதை. இடையில் கயிறும் இல்லை, கண்ணாடியும் இல்லை.

முகத்தைப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. அதனால் கெர்மான் அக்கா சொன்னபடி காலிலிருந்து தொடங்கினேன். கரை தாண்டியதும் தரை: சின்னச் சின்னத் துலிப் பூக்கள், ஒரு முயல். பிறகு பையனின் பாதம், வெறுங்கால். கணுக்காலைச் சுற்றிக் கயிறு, மூன்று சுற்று, முறுக்குத் தெரிய ஒரு முடிச்சு மஞ்சள் ஒரு முடிச்சு பழுப்பு. மண்டியிட்ட தொடை. பின்னால் கட்டிய கை. பக்கத்தில் தகப்பனாரின் அங்கி விளிம்பு, அவுரி நீலம், இடையிடையே நீலம் மங்கி மறுபடி அடர்ந்து பட்டைபட்டையாக. சாயத்தொட்டி மாறிய இடங்கள் அவை. பிறகு பையனின் கழுத்து. கழுத்துக்கு மேல் கத்தி. கத்தி இடது கையில்.

“உஸ்தா, நபி ஏன் இடது கையில் பிடித்திருக்கிறார்?”

அவர் பதில் சொல்லாமல் மேல் கட்டத்தில் இருந்த எழுத்தைக் காட்டினார். அரபி எழுத்து எனக்கு வாசிக்க வரும், ஆனால் இது வரவில்லை. கைக்கண்ணாடி ஒன்றை எடுத்து எழுத்துக்கு முன்னால் பிடித்தார். கண்ணாடிக்குள் ‘இஸ்மாயில் ஸபீஹுல்லாஹ்’, அல்லாஹ்வுக்குப் பலியாக வந்த இஸ்மாயில், என்று நேராக வந்தது. இது ஜோடியில் ஒன்று என்றார். சுவரின் இரண்டு பக்கமும் எதிரெதிரே மாட்ட, கட்டத்தாளைத் திருப்பிப் போட்டு இரண்டாவதை நெய்திருக்கிறார்கள். ஆளும் திரும்பினார், கையும் திரும்பியது, கூடவே எழுத்தும் திரும்பிவிட்டது. நெய்தவருக்கு வாசிக்கத் தெரியாது.

எனக்கு உம்மும்மா ஞாபகம் வந்தது. பத்தமடையில் கல்யாணப் பாய்க்கு மாப்பிள்ளை பொண்ணு பெயரை நெய்வார்கள். உம்மும்மாவுக்கு எழுத்துத் தெரியாது. தாளில் எழுதிக் கொடுத்ததை வைத்து, எத்தனை கோரை கறுப்பு எத்தனை கோரை வெள்ளை என்று எண்ணியே பெயரைக் கொண்டுவந்துவிடுவார். அவர் நெய்த எத்தனையோ பெயர்களில் ஒன்றையும் அவர் வாசித்ததில்லை. திரும்பிப்போன அந்த எழுத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். உஸ்தா ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு முகத்தைப் பார்த்தேன்.

வெள்ளைத் தாடி, நெற்றியில் இரண்டு கோடு, சாய்ந்த தலை. கண் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு பள்ளம். கண்மணியின் கறுப்பு முழுக்க உதிர்ந்து அடியில் பருத்திப் பாவின் வெள்ளை இழை தெரிந்தது. யாரோ வேண்டுமென்று சுரண்டிவிட்டார்களோ என்று பதறினேன். இல்லை. கறுப்பும் கரும்பழுப்பும் வர இரும்பு சேர்த்துச் சாயம் போடுவார்கள். அந்த இரும்பு வருடக்கணக்கில் கம்பளியை அரித்துவிடும். அதனால் பழைய கம்பளங்களில் கறுப்புக் கோடுகள் மட்டும் பள்ளமாக இறங்கியிருக்கும், மற்ற நிறங்கள் மேடாக நிற்கும். “இரும்பு தின்றுவிட்டது” என்றார் உஸ்தா. கத்தியின் ஓரக்கோடும் அப்படியே அரித்துப்போயிருந்தது.

நான் அத்தனை வருடம் பார்க்கப் பயந்த முகத்தில் பார்வை இல்லை. அழுகை வந்தது, அதை மறைக்கவும் இல்லை.

கண்ணுக்கு மறுபடி முடிச்சுப் போடப் போகிறீர்களா என்று கேட்டேன். வீட்டுக்காரர் சொன்னால் போடுவேன், நானாகப் போடமாட்டேன் என்றார். எனக்கும் போடாமல் விடுவதுதான் சரியென்று படுகிறது.

தங்குமிடத்துக்கு வந்ததும் கணக்குப் போட்டேன். கம்பளம் 200 சென்டிமீட்டர் உயரம், 130 அகலம். பின்பக்கம் அளவுகோல் வைத்து எண்ணியதில் ஒரு சென்டிமீட்டருக்குக் குறுக்கே 6 முடிச்சு, நெடுக்கே 7. சதுர சென்டிமீட்டருக்கு 42. மொத்தம் 10,92,000 முடிச்சு. கைதேர்ந்த ஒருவர் நாளுக்கு 8,000 முடிச்சு போடுவார் என்று வைத்தால் சுமார் 136 நாள். கம்பளம் கீழிருந்து மேலேதான் வளரும். முதலில் கயிறு, பிறகு கழுத்து, பிறகு கத்தி. கத்தியிலிருந்து மலக்கின் கையிலிருக்கும் கடா வரை அளந்தால் 60 சென்டிமீட்டர். 3,27,600 முடிச்சு. ஏறக்குறைய 40 நாள்.

உம்மும்மா அந்த இடத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். கத்தி இறங்கும், அறுக்காது, அதற்குள் சத்தம் வரும், கடா வந்துவிடும். நெய்தவருக்கு அப்படி வரவில்லை. தினமும் காலையில் வந்து உட்கார்ந்தால் எதிரே கழுத்தில் கத்தி. சாயங்காலம் எழுந்து போனாலும் கத்தி. 40 நாள்.

நாள் 8: காஷான்

காஷான் நகரவாசிகளில் மூன்றில் ஒருவர் கம்பளத் தொழிலில் என்கிறது யுனெஸ்கோ. இந்த ஊர் நெசவை 2010-இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது சொன்ன கணக்கு. நெய்கிறவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பெண்கள், அம்மாவிடம் மகள் கற்றுக்கொள்கிறாள். உஸ்தா அப்படி ஒரு வீட்டுக்கு அனுப்பிவைத்தார். “நேற்று நீங்கள் பார்த்ததைத்தான் அவள் நெய்கிறாள். புதுசாக.”

முற்றத்தில் மாதுளை மரம், பழம் வெடித்துத் தொங்குகிறது. உள்ளறையில் சுவரோரம் நிறுத்திய தறி, முன்னால் பலகை, அதன்மேல் மெத்தை. என் வயதுதான் இருக்கும் அவருக்கும். நெய்யத் தொடங்கி ஏற்கெனவே இரண்டு பெருநாள் தாண்டிவிட்டதாம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மதியம் வரைதான் உட்கார முடிகிறது. பாவில் இரண்டு இழையைப் பிரிப்பார், கம்பளி நூலைச் சுற்றுவார், இழுப்பார், கத்தியால் அறுப்பார். அறுக்கும் சத்தம் ‘டக்’ என்று விழும்போதே அடுத்த முடிச்சு தொடங்கியிருக்கும். ஒரு வரிசை முடிந்ததும் ஊடையை ஓட்டிக் கனமான இரும்புச் சீப்பால் அடித்து இறக்குகிறார். அந்த அடியில் வீடே அதிர்கிறது. உம்மும்மா வீட்டில் நான் தூங்கியது இந்த மாதிரி ஒரு சத்தத்துக்குப் பக்கத்தில்தான்.

அவர் நெய்துகொண்டிருந்த வரிசை எது என்று எட்டிப் பார்த்தேன். பையனின் கழுத்து முடிந்துவிட்டது. மூடிய கண், நெற்றி. கத்தி பாதி வந்திருந்தது. அதற்கு மேல் வெறும் பாவு, உத்தரம் வரைக்கும் வெள்ளையாக.

முந்தின ராத்திரி போட்ட கணக்கைச் சொன்னேன். மாணவி மொழிபெயர்த்ததும் அவர் சிரிக்கவில்லை, தலையை ஆட்டினார். “நாற்பதா? எனக்கு நூறு ஆகும்.” பிறகு நூலை அறுத்துக்கொண்டே சொன்னார்: “இந்த இடம் வந்ததிலிருந்து சின்னவன் இந்த அறைக்கு வருவதில்லை. மலக்கு எப்போது வருவார் என்று தினமும் வாசலில் நின்று கேட்கிறான். நவ்ரூஸுக்குள் வந்துவிடுவார் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.”

நவ்ரூஸ், இவர்களுடைய புத்தாண்டு, மார்ச்சில். இப்போது மாதுளைக் காலம்.

மதியத் தொழுகைக்கு பாங்கு கேட்டதும் அவர் எழுந்தார். கத்தியையும் சீப்பையும் பலகைக்கு அடியில் தள்ளினார். வெள்ளைத் துணி ஒன்றை உதறி, பையனின் முகம் மறையும்படி தறியில் போட்டார்.

“தூசி படக்கூடாது” என்றார்.

சமையலறையில் ரொட்டி சுடும் வாசனை வந்தது. சின்னவன் பள்ளியிலிருந்து வந்து, துணி போட்டாகிவிட்டதா என்று எட்டிப் பார்த்த பிறகுதான் அறைக்குள் வந்தான்.